சாமியார்நெரிச்சான் சாப்பிட்ட சாமியார்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லொரெத்தா மறுபடி தராசோடு வருவாள். அதற்குள் தோன் செஸ்தோவின் உடம்பில் எழுநூறு கிராம் ஏறியிருக்க வேண்டும். அவருக்குச் சமைத்துப் போடுகிற ரிபெல்லாவின் கையில் இரண்டு நாள் இருந்தது.

லொரெத்தா வட்டார நர்ஸ். மலைக் கிராமமான பியேவே கொர்வாராவின் பங்குச்சாமியார் தோன் செஸ்தோவுக்கு அந்த வருஷம், 1997 ஜனவரியில், பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அதிலிருந்து வாரம் இரண்டு முறை அவள் தன் குட்டிக் காரில் மலையேறி வந்து எடை பார்த்துவிட்டுப் போனாள். ஏப்ரல் மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை தராசு முள் நாற்பத்தொன்பதைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நின்றது. லொரெத்தா முள்ளைப் பார்த்தாள். ரிபெல்லாவைப் பார்த்தாள். பிறகு அட்டையில் ஐம்பது என்று எழுதினாள்.

"இன்னிக்கு அம்பதுன்னு போட்டுட்டேன்க்கா. வியாழக்கிழமை நிஜமாவே அம்பது இருக்கணும். இல்லன்னா நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதினா?"

"கூட்டிட்டுப் போயிடுவாங்க. வயித்துல ஓட்டை போட்டுக் குழாய் வைப்பாங்க. அப்புறம் நகரத்துல ஆயரோட முதியோர் இல்லம்."

"அங்கேருந்து எப்ப திருப்பி அனுப்புவாங்க?"

லொரெத்தா தராசை மடக்கிப் பையில் வைத்தாள். ரிபெல்லாவின் முழங்கையை ஒரு தரம் அழுத்திவிட்டுக் கிளம்பினாள்.

கார் கீழே இறங்கும் சத்தம் அடங்கும் வரை ரிபெல்லா வாசலில் நின்றாள். அப்புறம் சமையலறைக்குப் போய் நான்கு முட்டை உடைத்தாள்.

மூன்று மாதமாக அவள் வேலை அதுதான். கட்டியாக இருக்கிற எதுவும் அவருக்குக் கொடுக்கக் கூடாது, தண்ணீர்கூட மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொண்டையின் கதவு சரியாக மூடுவதில்லை. வயிற்றுக்குப் போக வேண்டியது நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் கேரட்டை மசித்தாள், கோழியை அரைத்துத் துணியில் வடித்தாள், எல்லாவற்றிலும் முட்டையை அடித்து ஊற்றினாள். முட்டையில்தான் சத்து என்று லொரெத்தா சொல்லியிருந்தாள். முதல் மாதம் தோன் செஸ்தோ முனகிக்கொண்டே விழுங்கினார். இரண்டாம் மாதம் பாதியைத் துப்பினார். மூன்றாம் மாதம் வாயையே திறக்கவில்லை. உதட்டை ஒட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எழுபத்தெட்டு வயது மனிதரின் மூக்கைப் பிடித்தா ஊட்ட முடியும்? ஒரு நாள் அதையும் செய்து பார்த்தாள். அவர் அழுதார். அவளும் அழுதாள். முட்டைக் கூழ் தரையில் கிடந்தது.

அன்று மத்தியானமும் கரண்டியை நீட்டியபோது அவர் தலையை ஆட்டினார்.

"சாமி, இந்தப் பாருங்க. ரெண்டே நாள். எழுநூறு கிராம். நான் மண்டி போட்டுக் கேக்கணுமா? எங்கப்பா பாத்தா கல்லறையிலேருந்து எந்திரிச்சு வந்துடுவார்."

அவர் நாக்கு பாதிதான் புரளும். அவர் பேசினால் எழுத்துகள் விளிம்பு தேய்ந்து ஒன்றின்மேல் ஒன்று விழும். கோவிலைக் கவனிக்கிற கோவில்பிள்ளைக்குப் புரியாது, லொரெத்தாவுக்குப் பத்தில் இரண்டு புரியும். ரிபெல்லாவுக்கு மட்டும் முழுசாகப் புரியும். இருபத்தேழு வருஷம் ஒரே சமையலறையில் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டினால் வந்துவிடும்.

"உங்க ஊர் முட்டையெல்லாம் நாங்க சாப்பிட்டுத் தீத்தாச்சு," என்றார். "உங்களுக்கு மிச்சம் வச்சோமே, அதைக் குடு."

அவளுக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வேற ஏதாவது கேளுங்க."

"சாமியார்நெரிச்சான்," என்றார் தோன் செஸ்தோ. அந்த ஒரு வார்த்தையை மட்டும் நாக்கு தடுமாறாமல் சொன்னார்.

அந்த மலைகளில் அதை ஸ்த்ரோட்சாப்ரேத்தி என்பார்கள். ஸ்த்ரோட்சா என்றால் கழுத்தை நெரிக்கிறது, ப்ரேத்தி என்றால் சாமியார்கள். மாவும் தண்ணீரும் மட்டும். நாடாவாக வெட்டி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து முறுக்கி, விரல் நீளத்துக்குக் கிள்ளிப் போடுகிற பாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை எல்லார் வீட்டிலும் உண்டு. சாமியார் வீட்டிலும் உண்டு.

பேர் எப்படி வந்தது என்பதில்தான் அந்த வீட்டில் இருபத்தேழு வருஷச் சண்டை.

ரிபெல்லா தன் அப்பாவின் கட்சி. நிலமெல்லாம் கோவிலுடையது. குத்தகைக்கு உழுகிறவன் சாமியாருக்கு முட்டை கொடுக்க வேண்டும். ஈஸ்டருக்கு வீடு மந்திரிக்க வந்தாலும் கூடையை நீட்டுவார். கோழி இருந்தும் வீட்டில் முட்டை இல்லை. பெண்கள் வெறும் மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தார்கள். பிசையும்போது, எங்கள் முட்டையைத் தின்கிற உன் தொண்டையில் இது சிக்கட்டும் என்று சபித்துக்கொண்டே முறுக்கினார்கள். அதுதான் பேர்.

தோன் செஸ்தோ அதை ஒப்புக்கொள்ள மாட்டார். சபித்த பெண்கள் அதையே எதற்குச் சாமியாருக்குச் சமைத்துப் போட்டார்கள் என்பார். ஏதோ ஒரு தின்னிப் பண்டாரம் அவசரமாக விழுங்கி விக்கினான், அவ்வளவுதான், தப்பு எங்கள் பக்கம்தான், ஆனால் அது பேராசைத் தப்பு, திருட்டுத் தப்பு இல்லை என்பார். ஒரு வருஷம் எங்கேயோ படித்துவிட்டு, அது கிரேக்க வார்த்தை, முறுக்கி அமுக்கியது என்று அர்த்தம், சாமியாருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சமையலறைக்குள் குதித்துக்கொண்டு வந்தார்.

"கிரேக்கன் எப்ப சாமி எங்க மலைக்கு மாவு பிசைய வந்தான்?" என்று அவள் கேட்டாள்.

"அறிவுள்ளவங்க எழுதியிருக்காங்க."

"அறிவுள்ளவங்க வீட்ல முட்டை இருந்திருக்கும்."

அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பதிலை மறைமாவட்டத்தில் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பார்.

ரிபெல்லா என்றால் கலகக்காரி. பிள்ளைகளுக்குப் புனிதர் பேர் வைக்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நின்ற ஆண்கள் ரொமாஞ்ஞா மலைகளில் ஏராளம். அவள் அப்பா, கல்லுடைக்கிற வின்டிசே வால்போனேசி, அவர்களில் ஒருவர். இரண்டு மகள்களில் ஒருத்திக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கோவில் மணி அடித்தால் துப்புவார். அறுபத்தெட்டாம் வருஷக் குளிரில் குவாரியில் பாறை சரிந்து அவர் இடுப்பு உடைந்தது. பனியில் ரோடு மூடிக் கிடந்தது. ஊரில் ஆளைப் படுக்க வைத்துத் தூக்குகிற மாதிரி இருந்தது ஒன்றுதான், கோவிலில் பிணம் வைக்கிற கட்டில். தோன் செஸ்தோ அதை எடுத்துக்கொண்டு மூன்று பேரோடு வந்தார். ஒன்பது கிலோமீட்டர் தோளில் சுமந்தார். வழியெல்லாம் வின்டிசே கடவுளைத் திட்டினார். "மூச்சை இப்ப செலவழிக்காதே, இறக்கத்துல திட்டு, நானும் கூடச் சேர்ந்துக்கிறேன்," என்றாராம் சாமியார்.

வின்டிசே இரண்டு வருஷம் படுக்கையில் இருந்து செத்தார். ரிபெல்லா வேலை கேட்டுப் போய் நின்றது தோன் செஸ்தோவின் கதவில்தான். இருபத்துநாலு வயது. அக்கா அன்றோடு பேச்சை நிறுத்தினாள். ரிபெல்லா பூசைக்குப் போகவில்லை. அவரும் ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை. அவர் பூசை வைக்கிற நேரத்தில் அவள் சமையலறையில் மாவு முறுக்கினாள். கல்யாணம் என்று இரண்டு பேர் வந்து கேட்டார்கள். ஒருவன் நல்லவன்தான். ஆனால் அவனோடு பேச எதுவும் இருக்கவில்லை.

இப்போது ஐம்பத்தோரு வயது. அவள் மொத்த உலகமும் அந்த வீட்டில் ஜன்னலோர நாற்காலியில் நாற்பத்தொன்பது கிலோவாக உட்கார்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரை அவள் இல்லை இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ராத்திரிக் கூழையும் தொடவில்லை. புதன்கிழமை காலைப் பாலையும் தொடவில்லை. பத்து மணிக்கு அவள் குளியலறையில் முகம் கழுவப் போய், கண்ணாடியைப் பார்த்து உரக்கவே சொன்னாள்: "நாளைக்கு எப்படியும் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

மாவு பிசைகிற பலகையை இறக்கினாள்.

மாவைக் குவித்து, நடுவில் குழி பறித்து, வெந்நீர் விட்டாள். வழக்கத்தைவிட இளகலாகப் பிசைந்தாள். காது மடல் மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும் என்பது கணக்கு. அவள் அதைவிடவும் இளக்கினாள். கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி மெல்லிசாகத் தேய்த்தாள். சுண்டுவிரல் அகல நாடாவை நான்காகக் கிழித்து, ஒவ்வொன்றையும் முறுக்கி, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கிள்ளினாள். இரண்டு நிமிஷம் வேக வேண்டியதைப் பன்னிரண்டு நிமிஷம் வேக விட்டாள். ஒன்றை எடுத்து நாக்கால் மேலண்ணத்தில் அழுத்திப் பார்த்தாள். கரைந்தது. இன்னும் இரண்டு நிமிஷம் விட்டாள். வேலியோரம் அப்போதுதான் துளிர்த்திருந்த ஸ்த்ரீதொலி கீரையைப் பறித்து வந்து, வதக்கி, விழுதாக அரைத்து அதன்மேல் விட்டாள்.

தோன் செஸ்தோ வாசனை பிடித்தார். கழுத்தில் துண்டைக் கட்டும்போதே வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"தலையைக் குனிங்க. நாடியை நெஞ்சுல ஒட்டுங்க. லொரெத்தா சொன்ன மாதிரி. பேசக் கூடாது."

ஒன்று வைத்தாள். அவர் கண்ணை மூடி நாக்கில் அதைப் புரட்டினார். விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியது. அவள் பத்து எண்ணினாள். இருமல் இல்லை. இரண்டாவது. மூன்றாவது. ஆறாவதுக்குப் பிறகு அவர் கன்னத்தில் ஒரு நிறம் வந்தது. அவள் மூன்று மாதத்தில் பார்க்காத நிறம். ஏழாவது போனதும் அவள் கணக்குப் போட்டாள். ஒரு தட்டு, சாயங்காலம் ஒரு தட்டு, காலையில் ஒரு தட்டு, மேலே வெண்ணெய், சீஸ் தூள். நாளை பத்து மணிக்கு முள் ஐம்பதைத் தொடும்.

எட்டாவதை வாயில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "எங்கப்பா மட்டும் இதைப் பாக்கணும் சாமி. சபிச்சுச் சபிச்சு முறுக்கினதெல்லாம் வீணாப்போச்சேன்னு தலையில அடிச்சுக்குவார்."

தோன் செஸ்தோ சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. வலது கை மேஜையை அடித்தது. அடுத்து விசில் மாதிரி ஒரு மூச்சு உள்ளே போனது. வெளியே வரும்போது ஏதோ கொழகொழவென்று கேட்டது.

"சாமி!"

முதுகில் தட்டினாள். ஓங்கி அடித்தாள். நாற்காலியிலிருந்து சரியாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்க்கப் பார்த்தாள், முடிச்சு இறுகியிருந்தது. கத்தியால் அறுத்தாள். பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, விலாவுக்குக் கீழே முஷ்டியை வைத்து இழுத்தாள். அவர் உதடு கத்தரிப்பூ நிறமாக மாறியது. விசில் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

போன் நடையில் இருந்தது. அவரைத் தரையில் ஒருக்களித்துக் கிடத்திவிட்டு ஓடினாள்.

"அவசர உதவி. சொல்லுங்க."

"பியேவே கொர்வாரா, பங்கு வீடு, சீக்கிரம் வாங்க, சாமியாருக்குத் தொண்டையில சிக்கிடுச்சு, மூச்சு விட முடியல!"

"என்ன சாப்பிட்டார்?"

"சாமியார்நெரிச்சான்!"

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பையன் குரல்தான்.

"சாமியார்நெரிச்சான் சாப்பிட்டுச் சாமியாருக்கு விக்கிடுச்சு."

"ஆமாப்பா, ஆமா!"

"உங்க பேர்?"

"ரிபெல்லா."

"கலகக்காரி. சரி. நான் போப்பாண்டவர் பேசுறேன். இந்த மாசத்துல மூணாவது ஆள் நீங்க. அக்கா, வயசான குரலா இருக்கு, வெட்கமா இல்ல? நிஜமா சாகக் கிடக்கிறவன் லைன் கிடைக்காம தவிச்சுட்டிருப்பான்."

வைத்துவிட்டான்.

அவள் ரிசீவரைப் பார்த்தாள். சமையலறையிலிருந்து விசில் கேட்டது, முன்பைவிட மெல்லியதாக. ஓடிப்போய் முதுகில் அடித்தாள். ஒன்றும் வரவில்லை. தோன் செஸ்தோவின் கண் திறந்திருந்தது. அவளையே பார்த்தது. திரும்பி ஓடினாள். எண்ணைச் சுழற்றும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதே பையன் எடுப்பான், சாமியார் என்ற சொல் வாயிலிருந்து வந்தால் மறுபடியும் வைப்பான். பேரும் வரக் கூடாது. பாஸ்தாவும் வரக் கூடாது.

"அவசர உதவி. சொல்லுங்க."

குரலைத் தாழ்த்தினாள். "என் புருஷன்," என்றாள். "என் புருஷனுக்கு ரொட்டி சிக்கிடுச்சு. எழுபத்தெட்டு வயசு. பக்கவாதக்காரர். நீலம் பாய்ஞ்சுடுச்சு. வால்போனேசி வீடு. பியேவே கொர்வாரா, கோவிலை ஒட்டின வீடு."

"போனை வைக்காதீங்கம்மா. வண்டி கிளம்பிடுச்சு. அவரை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வச்சாச்சா? பயப்படாதீங்க. நான் கூட இருக்கேன்."

பையன் அன்பாகத்தான் பேசினான். பதினாறு நிமிஷமும் அவளோடு இருந்தான்.

வண்டியில் வந்தவர்கள் உள்ளூர்த் தொண்டர்கள். ஓட்டியது கீழ்த்தெரு மெக்கானிக் ஓரியானோ. உள்ளே நுழைந்தவன் தரையில் கிடந்தவரைப் பார்த்தான், கையிலிருந்த தாளைப் பார்த்தான், ரிபெல்லாவைப் பார்த்தான்.

"புருஷன்னு போட்டிருக்கு."

"தூக்குடா முதல்ல," என்றாள் ரிபெல்லா.

நகரத்து ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு நுரையீரலிலிருந்து எட்டாவது துண்டை எடுத்தார்கள். மூச்சு வந்தது. ராத்திரியே காய்ச்சலும் வந்தது. தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் நர்ஸ் தாளைப் புரட்டி, "மனைவி நீங்கதானே? உள்ள வாங்க, மத்தவங்க நில்லுங்க," என்றபோது ரிபெல்லா அங்கிக்குக் கை நீட்டினாள். பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலோரம் உட்கார்ந்து அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தேழு வருஷத்தில் அவள் அந்தக் கையைப் பிடித்தது அதுதான் முதல் தரம். ஜனவரியிலிருந்து குளிப்பாட்டியது கணக்கில் சேராது.

விடிந்து, லொரெத்தா தராசோடு வர வேண்டிய நேரத்தில், டாக்டர் மிங்காரெல்லி வந்தாள். களைத்த முகம், நேரான பேச்சு.

"அம்மா, இனிமே வாய் வழியா எதுவுமே கூடாது. தண்ணிகூட. விழுங்கறது முடிஞ்சுபோச்சு. வயித்துல குழாய் வச்சா ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட இருக்கலாம். இல்லன்னா சில வாரம். அவர் புத்தி தெளிவா இருக்கற மாதிரிதான் தெரியுது. அவரையே கேட்டுடறேன்."

அப்போதுதான் மொன்சிஞ்ஞோர் குவாலாந்தி வந்து சேர்ந்தார். ஆயரின் செயலர். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. கட்டிலைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. குருமடத்தில் அவருக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தவர் தோன் செஸ்தோ.

டாக்டர் குனிந்தாள். "சாமி, நான் பேசறது கேக்குதா? வயித்துல சின்னதா ஒரு குழாய். வலிக்காது. வச்சுக்கலாமா?"

தோன் செஸ்தோ டாக்டரைப் பார்க்கவில்லை. ரிபெல்லாவைப் பார்த்துச் சொன்னார். மற்றவர்கள் காதில் அது தண்ணீருக்குள்ளிருந்து கேட்கிற சத்தம்.

"என்ன சொல்றார்?" என்று டாக்டர் கேட்டாள்.

வேண்டாம், வீட்டுக்குப் போகணும் என்று சொல்லியிருந்தார்.

ரிபெல்லா விரிப்பின் மடிப்பை நீவினாள். ஒரு வருஷம், ரெண்டு வருஷம். முதியோர் இல்லத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் உண்டு. ஜன்னலோரமாக உட்கார வைப்பார்கள். அவள் போய் எதிரில் உட்காருவாள். சண்டைக்கு ஏதாவது கொண்டுபோவாள். வச்சுக்கலாம்னு சொல்றார். மூன்று சொல். இந்த அறையில் அதைத் தப்பு என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான், அவர் சொன்னாலும் அதை மொழிபெயர்க்க வேண்டியவள் அவள்தான்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாங்கிறார்," என்றாள். "வீட்டுக்குப் போகணுமாம்." சொன்னதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை நான் ஏத்துக்க முடியாது டாக்டர்," என்றார் மொன்சிஞ்ஞோர். "அவர் சொன்னது யாருக்குமே விளங்கல. இந்தம்மா சொல்றதுதான் நமக்குத் தெரியும். இவங்க நேத்து போன்ல என்ன சொல்லியிருக்காங்கன்னு தாள்ல பாருங்க. ஒரு பாதிரியாருக்குப் பொண்டாட்டின்னு. மலை பூரா இன்னிக்கு அதுதான் பேச்சு. கட்டியா எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லியும் கொடுத்தது யாரு? அவங்க அப்பா யாருன்னும் எங்களுக்குத் தெரியும். இவங்க பேச்சை நம்பி என் வாத்தியாரைப் பட்டினி போட்டுச் சாகவிடச் சொல்றீங்களா?"

டாக்டர் தாளைப் பார்த்தாள். "நீங்க மனைவி இல்லையாம்மா?"

"நிஜத்தைச் சொன்னேன், வச்சுட்டான்," என்றாள் ரிபெல்லா. "அதான் பொய் சொன்னேன். வண்டி வந்துச்சு."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். திரும்பிக் கட்டிலைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள். "சாமி, உங்க வலது கை நல்லா இருக்கு. ஆமான்னா தூக்குங்க. இல்லன்னா அப்படியே வைங்க. இந்தம்மா சொன்னது சரியா? குழாய் வேண்டாமா?"

கை ஒரு சாண் உயரம் எழுந்து இறங்கியது.

"எதைக் கேட்டாலும் தூக்குறாரோ என்னமோ," என்றார் மொன்சிஞ்ஞோர். "நான் ஒண்ணு கேக்கறேன். சாமி, நான் குவாலாந்தி. தெரியுதா? இந்தம்மா உங்க மனைவியா?"

மொன்சிஞ்ஞோர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிபெல்லாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் கையைத் தூக்கினால் புத்தி கலங்கிவிட்டது என்பார்கள், குழாயை வைப்பார்கள், அவர் பிழைப்பார். தூக்காவிட்டால் புத்தி தெளிவு. வேண்டாம் என்றது வேண்டாம்தான். அப்புறம் இந்த அறையில் அவள் அவருக்கு யாரும் இல்லை. தூக்குங்க சாமி, என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள். ஒரே ஒரு பொய். ஒரு தரம் தூக்குங்க.

தோன் செஸ்தோ அவளைப் பார்த்தார். கை விரல் விரிப்பின்மேல் ஒரு தரம் அசைந்தது. கை எழவில்லை. மொன்சிஞ்ஞோர் இரண்டாம் முறை கேட்டார். அப்போதும் எழவில்லை.

"தெளிவாத்தான் இருக்கார்," என்றாள் டாக்டர். தாளில் எதையோ அடித்து எதையோ எழுதினாள். "குழாய் வேண்டாம்."

நர்ஸ் தயங்கித் தயங்கி ரிபெல்லாவின் தோளைத் தொட்டாள். "உறவுக்காரங்க மட்டும்தான்மா. அங்கியைக் கழட்டிக் குடுத்துடுங்க."

நடையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்தாள். உள்ளங்கை இரண்டையும் முழங்காலில் கவிழ்த்து வைத்தாள். நகத்தடியில் நேற்றைய மாவு காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள், வரவில்லை. யாரோ ஒரு குடும்பம் பூக்கூடையோடு அவளைத் தாண்டிப் போனது. அக்காவுக்குப் போன் பண்ணலாமா என்று நினைத்தாள். எண் தெரியாது.

எவ்வளவு நேரமோ. கதவு திறந்தது. டாக்டர் மிங்காரெல்லி தலையை மட்டும் நீட்டினாள்.

"கொஞ்சம் வாங்கம்மா. என்னமோ சொல்லிட்டே இருக்கார், நிறுத்த மாட்டேங்கிறார். மொன்சிஞ்ஞோர் லத்தீன் ஜெபம்னு சொல்றார். எனக்கு அப்படித் தெரியல."

உள்ளே மொன்சிஞ்ஞோர் தரையில் முழந்தாளிட்டு, கண்ணை மூடி, தோன் செஸ்தோ சொல்லச் சொல்ல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது. ரிபெல்லா கட்டிலின் மறுபக்கம் போய்க் காதைக் கொடுத்தாள். காய்ச்சல் மூச்சு காதில் சுட்டது. அவர் சொன்னார். மறுபடி சொன்னார்.

"எந்த ஜெபம்?" என்று மொன்சிஞ்ஞோர் கண்ணைத் திறந்து கேட்டார்.

"ஜெபம் இல்ல," என்றாள் ரிபெல்லா. "பசிக்குதுங்கிறார்."

கட்டிலின் தலைமாட்டில் டாக்டர் காலையில் மாட்டிய அட்டை தொங்கியது. வாய் வழியாக எதுவும் கூடாது என்று அதில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. டாக்டர் அதைப் பார்த்தாள். மொன்சிஞ்ஞோரும் பார்த்தார். தோன் செஸ்தோவின் உதடு திரும்பவும் அசைந்தது.

"இப்ப என்ன சொல்றார்?"

"அதேதான்," என்றாள்.